சிக்ஸ்டனின் எஞ்சினுக்கு விழுந்த சீட்டு

ஹெல்சிங்லாந்து மாகாணத்தில் குதிரை வைத்திருப்பவர்கள் ஹில்லெவி ஓஸ்ட்மனுக்கு நாள் குறிப்பதில்லை. அவள்தான் அவர்களுக்கு நாள் குறிப்பாள். நாற்பத்தாறு வயது, அதில் இருபத்திரண்டு வருடம் லாடம் அடித்தே கழிந்திருந்தது. அவளைவிட்டால் அடுத்த லாடக்காரனைத் தேடி நூறு கிலோமீட்டர் போகவேண்டும் என்பது குதிரைக்காரர்களுக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். அதற்காக அவள் யாரிடமும் தலைக்கனம் காட்டியதில்லை. ஒரு குதிரையின் பின்னங்காலைத் தூக்கித் தொடைகளுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு நிற்கும்போது தலைக்கனத்துக்கு இடமில்லை. எந்த நிமிடம் உதை விழும் என்று சொல்ல முடியாது.

அவளுடைய பட்டறை முழுவதும் ஒரு வோல்வோ வேகனுக்குள் இருந்தது. எண்பத்து நாலாம் வருடத்து வண்டி. பின்னால் அடைகல், கேஸ் உலை, நான்கு பெட்டி லாடம், ஆணிகள், ராவு அரம், தண்ணீர் வாளி. அடித்தகடு ஒருமுறை துருப்பிடித்தபோது அவளே வெட்டியெடுத்துப் புதுத் தகடு வைத்துப் பற்றவைத்திருந்தாள். எதை எங்கே வைத்தால் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம் என்று கைக்குப் பழகிய வண்டி. எஞ்சின்தான் நாலு லட்சத்து எண்பதாயிரம் கிலோமீட்டர் ஓடி அலுத்துப்போயிருந்தது. புகையவில்லை, எண்ணெய் குடிக்கவில்லை. ஏற்றம் வந்தால் மட்டும் மூச்சு வாங்கியது. பின்னால் மரலாரிகள் வரிசைகட்டி நின்று ஹாரன் அடித்தன.

"வேன் ஒண்ணு வாங்கிடேன்" என்றான் அவள் கணவன் தோர்க்னி. அவன் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சமையல்காரன். இருநூறு பிள்ளைகளுக்கு உருளைக்கிழங்கு வேகவைத்துவிட்டு மூன்று மணிக்கெல்லாம் வீட்டுக்கு வந்துவிடுவான். "வேன்ல நிமிந்து நிக்கலாம்."

"நான் வேலை செய்றதே குனிஞ்சுதான். நிமிந்து நின்னு என்ன பண்ணப் போறேன்?"

"அப்போ என்னதான் பண்ணப் போறே?"

"எஞ்சினை மாத்தப் போறேன்."

தோர்க்னி காபியை உறிஞ்சினான். அவள் "போறேன்" என்று சொன்ன பிறகு பேசுவது வீண் என்று பத்தொன்பது வருடத் தாம்பத்தியம் அவனுக்குக் கற்றுக்கொடுத்திருந்தது.

எந்த எஞ்சின் வேண்டும் என்று அவள் முன்பே முடிவுசெய்திருந்தாள். அதே கம்பெனி பிற்பாடு செய்த பெரிய காரில் பதினாறு வால்வு எஞ்சின் ஒன்று வந்தது. பழைய எஞ்சின் உட்கார்ந்த அதே தாங்கிகளில் அது உட்காரும். பழைய கியர்பாக்ஸோடு அப்படியே சேரும். குதிரைத் திறனோ ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. மற்றதெல்லாம் வேலைதான். வேலைக்கு அவள் பயந்தவளில்லை. நல்ல எஞ்சின் ஒன்று கையில் கிடைக்கவேண்டும், அவ்வளவுதான்.

முதலில் எகோனின் காயலான் கடைக்குப் போனாள். எகோன் எழுபதைத் தாண்டியவன். ஆற்றங்கரைக் காட்டில் நானூறு செத்த கார்களுக்கு நடுவே ஒரு தகரக் கொட்டகையில் உட்கார்ந்து நாள் முழுக்க ரேடியோ கேட்பான். எந்தக் கார் எந்த மரத்தடியில் கிடக்கிறது என்று எழுதி வைத்ததே இல்லை. எல்லாம் தலைக்குள் இருந்தது.

"பதினாறு வால்வா?" என்று சிரித்தான். "ஒண்ணுகூட இல்ல. அந்த எஞ்சின்ல பெல்ட்டை நேரத்துக்கு மாத்தணும். எவன் மாத்தினான்? பெல்ட் அறுந்தா பதினாறு வால்வும் பிஸ்டன்ல போய் முட்டி வளைஞ்சிடும். அப்புறம் அது எஞ்சின் இல்ல, நங்கூரம்."

"நல்லா ஓடுறது ஒண்ணுகூடவா இல்ல இந்தப் பக்கத்துல?"

"ஒண்ணு இருக்கு. ஆனா அது கிடைக்காது." எகோன் ரேடியோவின் சத்தத்தைக் குறைத்தான். பெரிய செய்தி சொல்லும்போது மட்டும்தான் குறைப்பான். "சிக்ஸ்டனோட பந்தயக் கார்ல இருக்கு."

சிக்ஸ்டனைத் தெரியாதவர் அந்த வட்டாரத்தில் கிடையாது. காட்டில் மரம் வெட்டும் ராட்சத இயந்திரம் ஓட்டுபவன். குளிர்காலத்தில் வீட்டுப் பாதைகளில் பனி தள்ளுபவன். மக்கள் பந்தயம் என்று அங்கே நடக்கும் பழைய கார் ஓட்டத்தில் பதினோரு வருடமாக யாரும் முந்த முடியாத ஆள். அவனிடம் கேட்பதற்கு முன்னால் வேறு வழி இருக்கிறதா என்று பார்த்துவிடலாம் என்று ஹில்லெவி விளம்பரங்களைத் தேடினாள்.

யேவ்லே பக்கத்தில் ஒருவன் அதே எஞ்சினை விற்பதாகப் போட்டிருந்தான். ஒரு சனிக்கிழமை காலை டிரெய்லரை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். எஞ்சின் வீட்டுக்குப் பின்னால் மரப்பலகைமேல் தார்ப்பாய் போர்த்திக் கிடந்தது.

"கழட்டுறப்போ சூப்பரா ஓடிக்கிட்டிருந்துச்சு" என்றான் விற்பவன்.

"கழட்டி எவ்வளவு நாளாச்சு?"

"ரெண்டு வருஷம்... மூணு இருக்கும்."

"மேல காத்து போற வாயை அடைக்கவே இல்லையே?"

"தார்ப்பாய் இருந்துச்சே!"

ஹில்லெவி நாலு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றினாள். மூன்றாவதின் நுனி துருவேறிச் செங்கல் போலச் சிவந்திருந்தது. நீளமான ஸ்பானரை முன்பக்கப் போல்ட்டில் மாட்டித் திருப்பினாள். கால் சுற்று வந்தது. அப்புறம் பாறைபோல நின்றுவிட்டது. இன்னும் கொஞ்சம் பலம் கொடுத்தால் அசையக்கூடும் என்று அவளுக்குத் தெரியும். கொடுக்கவில்லை. குதிரையானாலும் எஞ்சினானாலும் முரண்டுபிடித்தால் ஏன் என்று பார்க்கவேண்டுமே தவிர இழுக்கக்கூடாது.

"மழைத்தண்ணி உள்ள இறங்கியிருக்கு. இது எஞ்சின் இல்லப்பா, பூந்தொட்டி. மண்ணைப் போட்டு ஏதாவது நடு."

அவன் விலையைப் பாதியாகக் குறைத்தான். இனாமாகக் கொடுத்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, காலி டிரெய்லர் தடதடக்க வீடு திரும்பினாள்.

திங்கட்கிழமை சிக்ஸ்டனின் கொட்டகைக்கே போய்விட்டாள். அவனுக்கு அறுபது வயது, பீப்பாய் மாதிரி உடம்பு, விரல்களில் கழுவினாலும் போகாத கருப்பு. பந்தயக் காரின் முன்மூடியைத் திறந்து காட்டுவதில் அவனுக்கு ஆனந்தம். எஞ்சின் தட்டுபோலச் சுத்தமாக இருந்தது. எரிபொருளைப் பீய்ச்சும் ஊசிகளைக் கழற்றிவிட்டு இரண்டு கார்புரேட்டர் வைத்திருந்தான். வால்வுகளை உட்கார்த்தி இழைத்தது எல்லாம் அவன் கை.

"இதை எனக்குக் குடுப்பியா?" என்று நேராகக் கேட்டாள்.

சிக்ஸ்டன் சிரித்த சிரிப்பில் கொட்டகைத் தகரம் அதிர்ந்தது. "ரெண்டு குளிர்காலம் உக்காந்து கட்டுன எஞ்சின் இது. லாடவண்டில போடவா? வேணும்னா பந்தயத்துக்கு வந்து வாங்கிக்கோ கண்ணு!"

கேலியாகத்தான் சொன்னான். ஆனால் அந்தக் கேலிக்குள் ஒரு விதி ஒளிந்திருந்தது. மக்கள் பந்தயத்தில் ஓடும் எந்தக் காரும் அன்றைக்கே விற்பனைக்கு உரியது. விலை எல்லாவற்றுக்கும் ஒன்றுதான், பந்தயச் சங்கம் வைத்த விலை. அன்று பந்தயத்தில் ஓடியவர்கள் யார் வேண்டுமானாலும் இந்தக் கார் எனக்கு வேண்டும் என்று சீட்டுப் போடலாம். பலர் போட்டால் குலுக்கல். சொந்தக்காரன் மறுத்தால் அவன் உரிமம் போய்விடும். எவனும் காசைக் கொட்டிக் காரைக் கட்டி ஏழையை ஜெயித்துவிடக்கூடாது என்பதற்காக வைத்த விதி. அந்த விதி இருந்தும் பதினோரு வருடமாக சிக்ஸ்டனின் காருக்கு ஒரு சீட்டுகூட விழுந்ததில்லை. அவன்தானே எல்லார் வீட்டுப் பாதையிலும் பனி தள்ளுகிறான்! ஜனவரி மாதத்தில் வாசலில் ஓர் ஆள் உயரத்துக்குப் பனிச்சுவர் எழும்ப யாருக்கு ஆசை?

ஹில்லெவி கொட்டகையிலிருந்து வெளியே வந்தபோது கோபப்படவில்லை. யோசித்துக்கொண்டு வந்தாள். வீட்டுக்குப் போகும் வழியில் வண்டியை எகோனின் கடைக்குத் திருப்பினாள்.

"உன்கிட்ட இருக்கிறதுலயே மட்டமான கார் எது? ஓடணும், அவ்வளவுதான்."

எகோன் ரேடியோவை ஒரேயடியாக அணைத்துவிட்டான். "நீ நினைக்கிறதைத்தான் நானும் நினைக்கிறேனா?"

"ஆமா."

"அப்போ காசு வேண்டாம். இதை நான் கண்ணால பாத்தாப் போதும்."

இரண்டு வார இறுதிகள் வகுப்புக்குப் போய்ப் பந்தய உரிமம் வாங்கினாள். எகோன் கொடுத்த சின்னப் பச்சைக் காரின் கண்ணாடிகளை எடுத்துவிட்டு, உள்ளே குழாய்களை வளைத்துப் பாதுகாப்புக் கூண்டு பற்றவைத்தாள். கூண்டைச் சோதித்த சங்கத்து ஆள் பற்றுத் தடங்களை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, யார் செய்தது என்று கேட்டான். நான்தான் என்றாள். அவன் தலையாட்டிவிட்டு ஒப்புதல் முத்திரை வைத்தான்.

ஆகஸ்ட் கடைசி ஞாயிறு. பழைய மணல்குழி ஒன்றில் போட்ட சரளைத் தடம். வறுத்த தொத்திறைச்சி மணமும் பெட்ரோல் மணமும் கலந்து வந்தன. ஓர் ஓட்டத்துக்கு ஆறு கார்கள். முதல் ஓட்டத்தில் ஹில்லெவி கடைசி. இரண்டாவதில் யாரோ பின்னால் இடிக்க, ஒரு முழு வட்டம் சுழன்று, நின்று, மறுபடி ஓட்டிக் கடைசியாக வந்தாள். சீட்டுப் போட அதுவே போதும். ஆனால் மூன்றாவது ஓட்டத்துக்குக் கொடி விழுந்தபோது, அவள் வந்த காரியம் அவளுக்கே மறந்துவிட்டது. வளைவில் உள்பக்கம் ஓர் இடைவெளி தெரிந்தது, நுழைந்தாள். சரளைக்கல் கூரையில் மழையாகப் பெய்தது. நாலாவதாக வந்து தலைக்கவசத்தைக் கழற்றியபோது முகமெல்லாம் புழுதி. பல் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது.

"என்னடி இப்படிச் சிரிக்கிறே?" என்றான் தோர்க்னி. காபி பிளாஸ்கோடு வேலியோரம் நின்றிருந்தான்.

"இதை யாரும் முன்னாடியே எனக்குச் சொல்லலியே!"

சீட்டுப் பெட்டியை நாலு மணிக்கு மூடுவார்கள். எகோன் ஏற்கெனவே எச்சரித்திருந்தான்: முன்கூட்டியே போடாதே, சிக்ஸ்டனுக்குத் தெரிந்தால் அவன் சிநேகிதர்கள் எல்லாரும் ஆளுக்கொரு சீட்டுப் போட்டுக் குலுக்கலைக் கெடுத்துவிடுவார்கள் என்று. நாலுக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது ஹில்லெவி காரின் விலையைக் கையில் எடுத்துக்கொண்டு சங்கத்துக் கூடாரத்துக்கு நடந்தாள். செயலாளர் மைவோர் சீட்டை வாங்கிக் காரின் எண்ணைப் படித்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தாள்.

"நம்பர் சரியாத்தானே எழுதியிருக்கே?"

"சரியாத்தான் எழுதியிருக்கேன்."

"அட கடவுளே" என்றாள் மைவோர். சந்தோஷமாகத்தான் சொன்னாள்.

ஒலிபெருக்கியில் பெயர்களைப் படித்தார்கள். சிக்ஸ்டனின் எண் வந்ததும் தொத்திறைச்சிக் கடை வரிசையில் நின்றவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். ஒரே ஒரு சீட்டு. ஹில்லெவி ஓஸ்ட்மன்.

கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்த சிக்ஸ்டனின் கழுத்து சிவந்து, பிறகு காது சிவந்தது. அவளை நோக்கி நடந்துவந்தான். கூட்டம் தானாக வழிவிட்டது.

"நிஜமாவா?"

"நீதானே வந்து வாங்கிக்கோன்னே."

"இந்தக் குளிர்காலத்துல உன் பாதையில பனியை நீயே தள்ளிக்கோ."

"தள்ளிக்கிறேன். உன் குதிரைக்கு நீயே லாடம் அடிச்சுக்கோ."

அவனிடம் இரண்டு பந்தயக் குதிரைகள் இருந்தன. சாவியை அவள் உள்ளங்கையில் அறைந்துவிட்டுத் திரும்பிப் போனான். யாரும் கைதட்டவில்லை. ஆனால் அவள் காரை டிரெய்லரில் ஏற்றியபோது, கேட்காமலே நாலு பேர் வந்து தள்ளினார்கள்.

அடுத்த வாரம் கடையில் பால் எடுக்கப் போனபோது அஞ்சல்காரன் அவள் காதருகே குனிந்து, "நல்ல காரியம் பண்ணினே" என்று சொல்லிவிட்டு ரொட்டி பார்ப்பதுபோல நகர்ந்துபோனான். ஊர்க்காரர்கள் அதற்குமேல் பேசுகிறவர்கள் இல்லை.

பந்தயக் காரிலிருந்து எஞ்சினைக் கழற்றிச் செயின் பிளாக்கில் தொங்கவிட்டு, தரையில் நின்ற ஓர் இரும்புச் சட்டத்தில் மாட்டினாள். பார்க்காமல் பொருத்துவது அவள் பழக்கமில்லை. முன்பக்க மூடியைக் கழற்றிப் பெல்ட்டைப் பார்த்தாள். பெல்ட் புதிது. ஆனால் பெல்ட் உருளும் சின்னச் சக்கரத்தை விரலால் சுழற்றியபோது கரகரவென்று மணல் அரைத்தது. உள்ளே பேரிங்கில் கிரீஸ் பொட்டுகூட இல்லை. இன்னும் ஒரு பந்தயம், மிஞ்சினால் இரண்டு, தாங்கியிருக்கும். அதன்பின் சக்கரம் இறுகிப் பெல்ட் அறுந்திருக்கும். எகோன் சொன்ன நங்கூரம் ஆகியிருக்கும். புதிய பேரிங் வரவழைத்துப் போட்டு, எஞ்சினை வோல்வோவுக்குள் இறக்கினாள். பழைய பேரிங்கை எறியவில்லை.

இனித்தான் தொல்லை. பந்தய எஞ்சினில் ஓடுவதற்கு வேண்டியது மட்டுமே இருந்தது. சாலையில் ஓட்ட, சோதனைக்காரன் ஒப்புக்கொள்ள, கார்புரேட்டர் உதவாது. பழையபடி எரிபொருள் ஊசி, அதை ஆளும் கணினிப் பெட்டி, இரண்டையும் சேர்க்கும் வயர்க்கட்டு எல்லாம் வேண்டும். பெரிய பிரேக்கும் ரேடியேட்டரும் எகோனிடம் கிடைத்தன. ஊசிகளும் கணினிப் பெட்டியும் உமியோவிலிருந்து பஸ்ஸில் வந்தன. அங்கே அவளோடு லாடம் கற்ற சிநேகிதி ஒருத்தி தேடிப் பிடித்து அனுப்பினாள். வயர்க்கட்டு மட்டும் கிடைத்தது கிடைத்தபடி: யாரோ அவசரத்தில் கட்டிங் பிளேயரால் வெட்டியெடுத்தது. முப்பத்தெட்டு வயர்கள், முப்பத்தெட்டும் அறுந்த நுனி. வரைபடத்தைச் சுவரில் ஒட்டிவைத்து, வாரம் முழுக்க மாலைதோறும் இரண்டு மணிநேரம் ஒவ்வொன்றாகப் பற்றவைத்துக்கொண்டிருந்தாள். இருபத்தொன்று முடிந்திருந்தது.

அக்டோபரில் ஒரு சனிக்கிழமை மதியம் சிக்ஸ்டனின் வண்டி முற்றத்தில் வந்து நின்றது. கையில் வாழைப்பழ அட்டைப்பெட்டி. வாசலிலேயே நின்றான்.

"வேலையெல்லாம் எப்படிப் போகுது?"

"போகுது."

"போன ஞாயித்துக்கிழமை என் புதுக்காருக்கு ஏழு சீட்டு விழுந்துச்சு." கோபமாகத் தொடங்கினான். "ஏழு! பதினோரு வருஷமா ஒண்ணு கிடையாது. நீ போட்டாலும் போட்டே, எல்லாருக்கும் துளிர்விட்டுப்போச்சு. குலுக்கி அந்த ரொட்டிக்கடைக்காரன் எடுத்துட்டுப் போயிட்டான்."

"ஐயோ பாவம்."

"மத்த எவனுக்கும் ரெண்டுக்குமேல விழல தெரியுமா?" என்றான். இப்போது கோபத்தைக் காணவில்லை. "எனக்கு மட்டும் ஏழு."

ஹில்லெவி சிரிப்பை உதட்டுக்குள் அடக்கிக்கொண்டாள். அவன் அட்டைப்பெட்டியை மேசைமேல் வைத்தான். உள்ளே அந்த எஞ்சினின் சொந்த வயர்க்கட்டு, வெட்டுப்படாதது. ஒவ்வொரு முனையிலும் காகித நாடா ஒட்டி எது எங்கே போகும் என்று கட்டை எழுத்தில் எழுதியிருந்தது.

"இது கார்கூடச் சேராதது. ஓடுன அன்னிக்கு இது அதுல இல்ல. அதனால விதிப்படி என்னுது" என்றான். "ஆனா நீ அந்த அறுந்த வயரை வச்சு என் எஞ்சினைக் கொளுத்திடுவே."

"என் எஞ்சின்."

"நான் கட்டுன எஞ்சின்."

"நான் காப்பாத்துன எஞ்சின்." அலமாரியிலிருந்து பழைய பேரிங்கை எடுத்து அவன் கையில் வைத்தாள். "சுத்திப் பாரு."

சுற்றினான். கரகரத்தது. மறுபடி சுற்றினான். அவன் முகத்தில் பெருமை கொஞ்சம் கொஞ்சமாக வடிந்ததை அவள் பார்த்தாள். பார்க்காததுபோல வயர்க்கட்டைப் பிரித்தாள்.

"பெல்ட்டை மாத்தினேன்" என்றான் மெதுவாக. "இதை மாத்தல. இது நல்லாத்தான் இருக்கும்னு விட்டுட்டேன்."

"எல்லாரும் ஒண்ணை விட்டுடுவோம்."

"என் கார்ல இருந்திருந்தா எல்லார் முன்னாடியும் தடத்துலயே வெடிச்சிருக்கும்." பேரிங்கைக் கீழே வைத்தான். "உன் பாதையில பனி தள்ள யாரைப் பேசியிருக்கே?"

"ஓர்யானை."

"ஓர்யானா! அவன் பனியோட சேத்து தபால் பெட்டியையும் தள்ளிட்டுப் போவான்! வேண்டாம்னு சொல்லிடு. நான் வரேன்."

"புதன்கிழமை உன் குதிரைகளைப் பாக்க நானும் வரேன்" என்றாள். "மூத்தவளுக்கு முன்னங்கால் குளம்பு வளந்திருக்கும் இதுக்குள்ள."

"வளந்திருக்கு" என்றான் சிக்ஸ்டன், நிம்மதியாக.

அன்று மதியமே இருவரும் சேர்ந்து வயர்க்கட்டைப் போட்டார்கள். மூன்று இடத்தில் சண்டை வந்தது. இரண்டில் அவள் சொன்னது சரி, ஒன்றில் அவன். தோர்க்னி இலவங்கப்பட்டை ரொட்டி கொண்டுவந்து வைத்தான். எண்ணெய்க் கையோடு தின்றார்கள். நாலு மணிக்குச் சாவியைத் திருப்பினாள். முதல் முறை இருமியது. இரண்டாவது முறை பிடித்துக்கொண்டு, கொஞ்சம் தடுமாறி, பிறகு சீராக ஓடத் தொடங்கியது. சிக்ஸ்டன் தலையைச் சாய்த்து வெகுநேரம் கேட்டான்.

"என்ன?" என்றாள்.

"ஒண்ணுமில்ல. பந்தயத்துல ஹெல்மெட்டுக்குள்ள இருந்ததால இதை ஒழுங்கா கேட்டதே இல்ல."

நவம்பரில் பெரிய சோதனை. எஞ்சின் மாற்றிய வண்டியை, வண்டி மாற்றிக் கட்டுவோர் சங்கத்தின் பொறியாளர் ஒருவர் முதலில் பார்க்கவேண்டும். ஒல்லியான மனிதர், தரையில் பாய் விரித்து வண்டிக்கடியில் முக்கால் மணிநேரம் படுத்திருந்தார். தாங்கிகளைத் தட்டினார், பிரேக் குழாயைத் தடவினார், ஒவ்வொரு வயரும் எங்கே போகிறது என்று கேட்டார். ஹில்லெவி ஒன்றுவிடாமல் சொன்னாள். படபடப்பு இல்லை. தெரிந்ததைச் சொல்வதில் என்ன படபடப்பு?

"எஞ்சின் எங்க கிடைச்சது?" என்று கடைசியாகக் கேட்டார்.

"பந்தயத்துல."

"ஜெயிச்சீங்களா?"

"இல்ல. நாலாவதா வந்தேன்."

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் கையெழுத்துப் போட்டார்.

வெளியே தோர்க்னி காத்திருந்தான். காகிதத்தை வாங்கி வாசித்துவிட்டு, வண்டியை ஒருமுறை சுற்றிவந்தான். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "நான் கொஞ்சம் ஓட்டட்டுமா?" என்றான்.

அவள் சாவியைத் தூக்கிப் போட்டாள். ஊருக்குத் திரும்பும் முச்சந்தி வந்தது, தோர்க்னி திரும்பவில்லை. ஏரிக்கரைச் சாலையில் வடக்கே போய்க்கொண்டே இருந்தான். பின்னால் லாடப் பெட்டிகள் மெல்லக் குலுங்கின. நாற்பது கிலோமீட்டர் தாண்டிய பிறகுதான் அவனுக்கே உறைத்தது.

"வீட்டைத் தாண்டிட்டோம்."

"தெரியும்" என்றாள் ஹில்லெவி. பிளாஸ்கைத் திறந்து அவனுக்கும் ஒரு கோப்பை ஊற்றினாள்.